மொக்கை நாவலும் நண்பர்களின் சிபாரிசும்: ஜேன் ஆஸ்டின் காலத்து வாசகர்கள்

ஆசையாக எடுத்த நாவல் ஐம்பது பக்கத்திற்குள் அறுத்துத் தள்ளிவிட்டால் ஒரு வாசகர் முதலில் செய்யும் வேலை என்ன? புத்தகத்தை மூடிவிட்டு நாவல் படிக்கும் நண்பரைத் தேடிப் போவதுதான். "இதை மட்டும் தொடாதே, வேற நல்லதா ஒண்ணு சொல்லு" என்று ஆரம்பிக்கும் பேச்சு மணிக்கணக்கில் நீளும். படித்த நாவலைவிட அந்தப் பேச்சு சுவாரசியமாக இருப்பதும் உண்டு!

இந்தப் பழக்கத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் சுமார் 200 வருடங்களுக்கு முந்தைய இங்கிலாந்துக்குப் போக வேண்டும். அங்கே நாவல் படிப்பதே கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயமாக இருந்தது. அதே சமயம் ஊரெல்லாம் நாவல்தான் படித்துக் கொண்டிருந்தது. அப்படிப் படித்தவர்களில் ஒருவர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் (1775-1817).

இருபது பக்கத்தில் முடிந்த நாவல்

1807 ஜனவரி. ஜேனின் தந்தை இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஜேனும் அவருடைய தாயாரும் சவுத்தாம்ப்டன் நகரில், கடற்படையில் இருந்த அண்ணன் பிரான்சிஸின் குடும்பத்தோடு வசிக்கிறார்கள். சொந்த வீடு கிடையாது. சகோதரர்கள் தரும் பணத்தை நம்பித்தான் ஜீவனம். அக்கா கசாண்ட்ரா அப்போது வேறொரு சகோதரர் வீட்டில் இருந்தார். அவருக்கு ஜேன் எழுதிய கடிதத்தில் ஒரு நாவலைப் பற்றிய செய்தி வருகிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் மேடம் டி ஜான்லீ எழுதிய 'அல்ஃபோன்சின்' என்ற நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பை அவர்கள் வீட்டில் வாசிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். இருபது பக்கத்திலேயே வெறுத்துப் போய்விட்டதாம்! மொழிபெயர்ப்பு மோசம் என்பது ஒரு காரணம். விரசமான விஷயங்கள் இருந்தது இன்னொரு காரணம். அதுவரை கண்ணியமாக எழுதி வந்தவரா இப்படி எழுதினார் என்று ஜேனுக்கு வருத்தம்.

உடனே அதை மாற்றிவிட்டு சார்லட் லெனாக்ஸ் எழுதிய 'தி ஃபீமேல் குயிக்ஸட்' நாவலை எடுத்தார்கள். அது 1752இல் வெளிவந்த பழைய நாவல். ஜேன் ஏற்கனவே படித்தது. மறுபடி படிக்கும்போதும் நினைவில் இருந்த அளவுக்கே நன்றாக இருக்கிறது என்று மகிழ்ச்சியோடு எழுதுகிறார். பிரான்சிஸின் மனைவிக்கு அது புதுசு, அதனால் அவரும் ரசிக்கிறார். விருந்தாக வந்திருந்த இன்னொரு அண்ணிக்கோ இந்தப் புத்தகம் என்றில்லை, எந்தப் புத்தகத்திலுமே பெரிதாக இன்பம் இல்லை என்று போகிற போக்கில் ஒரு குத்தும் வைக்கிறார்!

மோசமான நாவலைக் கைவிட்டு, நம்பகமான பழைய நாவலுக்குத் திரும்பி, அதையும் மூன்று பேர் மூன்று விதமாக எடுத்துக்கொண்டது வரை எல்லாமே அந்த ஒரு கடிதத்தில் இருக்கிறது. இன்றைக்கும் நாலு நண்பர்கள் சேர்ந்தால் இதுதானே நடக்கிறது?

தப்பான நாவல் எவ்வளவு நஷ்டம்?

அன்றைய வாசகர்களுக்கு சிபாரிசு என்பது பொழுதுபோக்குப் பேச்சு மட்டும் அல்ல. அதற்கு முதல் காரணம் விலை.

ஜேன் ஆஸ்டினின் முதல் நாவலான 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' 1811இல் 15 ஷில்லிங் விலையில் வந்தது. 1813இல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 18 ஷில்லிங். 'எம்மா' 21 ஷில்லிங். விவசாயக் கூலி வேலை செய்பவர் ஒரு வாரம் முழுக்க உழைத்தாலும் அந்தப் பணம் கைக்கு வராது. நடுத்தரக் குடும்பங்களே யோசித்துத்தான் புத்தகம் வாங்கின.

இரண்டாவது காரணம், எழுதியவர் யார் என்றே பல சமயம் தெரியாது. 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யின் முகப்பில் ஜேன் ஆஸ்டின் பெயர் இல்லை. 'ஒரு சீமாட்டி எழுதியது' என்கிற மாதிரி மட்டும்தான் அச்சிட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஏராளமான நாவல்கள் இப்படிப் பெயரில்லாமல்தான் வந்தன. எழுத்தாளர் பெயரைப் பார்த்து வாங்க வழியில்லாதபோது, படித்த ஒருவரின் வாய்வார்த்தையைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

அதனால் பெரும்பாலானவர்கள் சந்தா கட்டி இரவல் நூலகங்களில் எடுத்துப் படித்தார்கள். ஒரு நாவல் பெரும்பாலும் மூன்று பாகமாக இருக்கும். ஒருவர் முதல் பாகத்தை முடித்துத் தந்தால் அடுத்தவர் அதை எடுக்கலாம். லண்டனில் வில்லியம் லேன் நடத்திய மினர்வா பிரஸ் இப்படிப்பட்ட நூலகங்களை நம்பியே நாவல்களை அடித்துத் தள்ளியது. நல்லதும் கெட்டதும் கலந்து குவிந்து கிடந்த இடத்தில் வழிகாட்ட ஒரு ஆள் வேண்டாமா?

1798 டிசம்பரில் ஜேனின் ஊர்ப்பக்கத்தில் மார்ட்டின் என்ற அம்மையார் இரவல் நூலகம் ஒன்று திறக்க ஏற்பாடு செய்தார். சந்தா கேட்டு அனுப்பிய கடிதத்தில், எங்களிடம் நாவல்கள் மட்டும் அல்ல, எல்லா வகை இலக்கியமும் இருக்கும் என்று சமாதானம் சொல்லியிருந்தார். ஜேனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. எங்கள் குடும்பத்திடம் இந்த சமாதானமே தேவையில்லை, நாங்கள் நாவல் பைத்தியங்கள், அதில் எங்களுக்கு வெட்கமும் இல்லை என்கிற அர்த்தத்தில் அக்காவுக்கு எழுதினார். பாவம், அந்த அம்மையாரின் தொழில் இரண்டு வருடத்திற்குள் நொடித்துவிட்டது. 1800 அக்டோபரில் அவர் வீட்டுக்கே ஜப்தி வந்த செய்தியையும் ஜேனின் கடிதத்தில்தான் படிக்கிறோம்.

ஜேன் குடும்பத்தைப் பற்றிச் சொன்னது மிகையல்ல. அவருடைய தந்தை ஜார்ஜ் ஆஸ்டின் ஒரு பாதிரியார். 1798 அக்டோபரில் பயணத்தின் நடுவே ஒரு விடுதியில் தங்கியபோது அவர் படித்துக் கொண்டிருந்தது வேதப் புத்தகம் அல்ல. நூலகத்தில் இரவல் வாங்கிய 'தி மிட்நைட் பெல்' என்ற பயங்கர நாவல்!

ஏழு புத்தகப் பட்டியல்

சிபாரிசு செய்யும் நண்பர்களைப் பற்றி ஜேன் ஒரு நாவலே எழுதினார் என்று சொல்லலாம். அதுதான் 'நார்த்தாங்கர் அபி'. பதினேழு வயது கேதரின், பாத் நகரில் இசபெல்லா என்ற புதுத் தோழியைச் சந்திக்கிறாள். ஆன் ராட்கிளிஃப் எழுதிய 'உடால்ஃபோ' நாவலில் கேதரின் மூழ்கிக் கிடக்கிறாள். அது முடிந்ததும் என்ன படிக்கலாம் என்று இசபெல்லா ஏழு நாவல்களின் பட்டியலையே தயாராக வைத்திருக்கிறாள். கேதரினுக்கு ஒரே ஒரு கவலை. எல்லாமே பயங்கரமாக இருக்குமா? நிச்சயம் இருக்கும் என்கிறாள் இசபெல்லா. எப்படித் தெரியும்? அவளுடைய வேறொரு தோழி எல்லாவற்றையும் படித்திருக்கிறாளாம்!

அதாவது பட்டியல் தருபவள் அவற்றைப் படித்ததாகவே தெரியவில்லை. படித்த அந்தத் தோழியோ, ரிச்சர்ட்சன் எழுதிய 'சர் சார்ல்ஸ் கிராண்டிசன்' நாவலின் முதல் பாகத்தைக்கூடத் தாண்ட முடியாதவள். கேதரின் வீட்டில் அவள் அம்மா அடிக்கடி எடுத்துப் படிக்கும் நாவல் அது. யாருடைய ருசியை நம்புவது என்ற கேள்வியை ஜேன் இங்கே சிரிக்கச் சிரிக்க எழுப்பிவிடுகிறார்.

இசபெல்லாவின் அண்ணன் ஜான் இன்னொரு ரகம். நாவல் படிக்கவே நேரமில்லை என்று அலட்டுவான். 'உடால்ஃபோ'வைக் குப்பை என்பான். படித்தால் ராட்கிளிஃப் அம்மையாரின் நாவலைத்தான் படிப்பேன் என்பான். 'உடால்ஃபோ'வை எழுதியதே ராட்கிளிஃப்தான் என்பது அவனுக்குத் தெரியாது! படிக்காமலேயே அபிப்பிராயம் சொல்லும் ஆட்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

கதாநாயகன் ஹென்றி டில்னியோ 'உடால்ஃபோ'வை இரண்டே நாளில் முடித்ததாக வெளிப்படையாகச் சொல்கிறான். தங்கைக்கு வாசித்துக் காட்டிக் கொண்டிருந்தவன், அவள் சில நிமிடம் எழுந்து போன நேரத்தில் புத்தகத்தையே தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் படித்தானாம். நாவல் படித்ததை மறைக்காத ஆண் என்பதே கேதரினுக்கு ஆச்சரியமாக இருக்கிறது. யார் எந்தப் புத்தகத்தைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்பதை வைத்தே ஆட்களை எடை போட ஜேன் நமக்குச் சொல்லித் தருகிறார்.

அந்த ஏழு நாவல்களின் பெயர்களை ஜேன் சும்மா கற்பனையாக வைத்திருப்பார் என்று வெகுகாலம் பலர் நினைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் புத்தக ஆர்வலர்கள் தேட ஆரம்பித்தார்கள். ஏழும் 1793க்கும் 1798க்கும் இடையில் உண்மையாகவே அச்சான நாவல்கள் என்று தெரிந்தது. மைக்கேல் சாட்லர் 1927இல் இதைப் பற்றி ஒரு சிறு நூலே வெளியிட்டார். பாதிரியார் ஆஸ்டின் விடுதியில் படித்த 'தி மிட்நைட் பெல்'லும் அந்த ஏழில் ஒன்று.

சோகம் என்னவென்றால், இந்த நாவலை ஜேன் 1803இல் ஒரு பதிப்பாளருக்கு வெறும் 10 பவுனுக்கு விற்றார். அவர் அச்சிடவே இல்லை. 1816இல் அதே 10 பவுனைக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். 1817 ஜூலையில் ஜேன் இறந்த பிறகு, அந்த டிசம்பரில்தான் அது வெளிவந்தது.

விரல்களால் ஒரு சிபாரிசு

ஜேன் தன் வாழ்நாள் முழுக்க நாவல்களைப் பற்றிப் பேசிக் கொண்டே இருந்தார். கிடைத்த சுமார் 160 கடிதங்களில் அந்தப் பேச்சு ஆங்காங்கே சிதறிக் கிடக்கிறது.

சாரா பர்னியின் 'கிளாரன்டைன்' நாவலை மூன்றாம் முறை படித்தபோது, இத்தனை அசட்டு நாவலா இது என்று ஆச்சரியப்பட்டார். முதல் தடவை பிடித்தது, இரண்டாம் தடவை குறைந்தது, மூன்றாம் தடவை தாங்கவே இல்லை. மேரி பிரண்டனின் 'செல்ஃப் கன்ட்ரோல்' பற்றி 1811இல் அவருக்கு வேறு விதமான பயம். நாவல் ரொம்பவும் நன்றாக இருந்து, தன்னுடைய கதையையும் பாத்திரங்களையும் இவர் முந்திக்கொண்டு எழுதியிருந்தால் என்ன செய்வது? பிறகு படித்துப் பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. கதாநாயகி அமெரிக்காவில் ஆற்றில் படகு விட்டுத் தப்பிக்கும் காட்சியை நினைத்து நினைத்துச் சிரித்தார்.

1808 டிசம்பரில் நடந்தது இன்னும் அழகு. ஒரு விருந்தில் காது சுத்தமாகக் கேட்காத ஒரு கனவானை ஜேன் சந்தித்தார். பக்கத்தில் பீரங்கி வெடித்தாலும் அவருக்குக் கேட்காது என்று சொன்னார்கள். ஜேன் அவரோடு விரல் சைகையால் கொஞ்சம் பேசினார். அந்தச் சில நிமிடத்தில் அவரிடம் என்ன சொன்னார் தெரியுமா? மேடம் டி ஸ்டாலின் 'கொரின்' நாவலைப் படியுங்கள் என்று சிபாரிசு செய்தார்! மற்றவர்கள் ஒதுங்கிப் போகக்கூடிய ஒரு மனிதரிடம் பேச்சை ஆரம்பிக்க ஒரு நாவலின் பெயர் போதுமாக இருந்தது.

சிபாரிசின் மறுபக்கம்

1813 ஜனவரியில் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' அச்சாகி சாட்டன் கிராமத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அன்று மாலை பக்கத்து வீட்டு மிஸ் பென் வந்திருந்தார். எழுதியது யார் என்று சொல்லாமல், புதிதாக வந்த நாவல் என்று மட்டும் சொல்லி அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். அவர் ரசித்தார். எலிசபெத் பாத்திரம் அவருக்குப் பிடித்துவிட்டது. பெயரைப் பார்த்து வந்த மரியாதை இல்லாத, சுத்தமான பாராட்டு அது.

எல்லாப் பாராட்டும் அப்படி இனிக்கவில்லை. 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்', 'எம்மா' இரண்டும் வந்தபோது, சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் சொன்ன அபிப்பிராயங்களை ஜேன் தனியாக எழுதித் தொகுத்து வைத்தார். புகழ்ந்ததை மட்டும் அல்ல, திட்டியதையும் சேர்த்து.

பெற்ற தாயே 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' முந்தைய நாவல் அளவுக்கு இல்லை, கதாநாயகி சப்பென்று இருக்கிறாள் என்றார். ஒரு பெண்மணி, முந்தைய இரண்டு நாவல்களும் சுத்த அபத்தம் என்று ஒத்துக்கொண்டு, இதில் முதல் பாகம் முடிந்ததால் கஷ்டமான கட்டம் தாண்டிவிட்டது என்று ஆறுதல் பட்டார். எழுதியவர் தெரிந்தவராக இல்லாவிட்டால் 'எம்மா'வை முடித்தே இருக்க முடியாது என்றார் இன்னொருவர். சுவாரசியமில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு 'எம்மா'வின் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படித்தவரும் அதில் இருக்கிறார்.

இருபது பக்கத்தில் அடுத்தவர் நாவலைத் தூக்கிப் போட்டவர்தான் ஜேன். தன் நாவலையும் அப்படித் தூக்கிப் போடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சொற்களைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. வாசகர்கள் தங்களுக்குள் பேசும் நேர்மையான பேச்சு ஒரு எழுத்தாளருக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சிபாரிசு தோற்ற கதை

ஜேன் இறந்து முப்பது வருடம் கழித்து அவருடைய நாவலே ஒரு பிரபலமான ஏமாற்றத்துக்குக் காரணமானது.

1847 அக்டோபரில் 'ஜேன் அயர்' வெளிவந்தது. எழுதியவர் 'கரர் பெல்' என்ற புனைபெயரில் இருந்த சார்லட் பிராண்டி. விமர்சகர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் அந்த நாவலைப் பாராட்டினார். கூடவே, உணர்ச்சிக் கொந்தளிப்பைக் குறைத்துக்கொள்ளும்படி ஆலோசனையும் சொன்னார். அதற்கு உதாரணமாக அவர் காட்டியது ஜேன் ஆஸ்டினை.

சார்லட் அதுவரை 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' படித்ததில்லை. சிபாரிசை மதித்து வாங்கிப் படித்தார். 1848 ஜனவரி 12 அன்று பதில் எழுதினார். ஏமாற்றத்தை அவர் மறைக்கவில்லை. சாதாரண முகம் ஒன்றைப் பிசகில்லாமல் எடுத்த புகைப்படம் மாதிரி இருக்கிறது, வேலி போட்டுப் பராமரித்த தோட்டம் மாதிரி இருக்கிறது, திறந்த வெளியும் காற்றும் எங்கே என்று கேட்டார். ஜார்ஜ் சாண்ட் என்ற பிரெஞ்சு எழுத்தாளரைப் புகழ்ந்தால் புரிந்துகொள்ள முடியும் என்று தன் பக்கத்துப் பெயரையும் முன்வைத்தார்.

இந்தச் சண்டையில் யார் ஜெயித்தார்கள்? யாரும் இல்லை. ஆனால் சார்லட் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் விசேஷம். பிடிக்காத எழுத்தாளரின் 'எம்மா'வையும் 1850இல் எடுத்துப் படித்தார். அப்போதும் அவருக்கு முழுத் திருப்தி இல்லை. பலமான உணர்ச்சிகளே இந்த அம்மையாருக்குத் தெரியாது என்று எழுதினார். ஆனாலும் முன்பைவிட நிதானமாக, ஜேனின் திறமை எதில் என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. தனக்கு நாவலில் என்ன வேண்டும் என்பதும் அவருக்கு அந்த ஏமாற்றத்தால்தான் இத்தனை துல்லியமாகச் சொல்ல வந்தது.

லூயிஸும் ஆஸ்டினை விடவில்லை. 1854 முதல் அவரும் மேரியன் எவன்ஸ் என்ற பெண்மணியும் சேர்ந்து வாழ்ந்தார்கள். 1857இல் இருவரும் ஆஸ்டின் நாவல்களை ஒருவருக்கொருவர் சத்தமாக வாசித்துக் காட்டினார்கள். அதே வருடம்தான் மேரியன் தன் கதைகளுக்காக ஒரு புனைபெயரை வைத்துக்கொண்டார். ஜார்ஜ் எலியட். பிற்காலத்தில் 'மிடில்மார்ச்' எழுதிய அதே ஜார்ஜ் எலியட்தான்.

சிபாரிசு செய்தவர் ஒருவரே, சிபாரிசு செய்த எழுத்தாளரும் ஒருவரே. சார்லட்டுக்கு அது மூச்சு முட்டும் தோட்டமாக இருந்தது. மேரியனுக்கோ வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து படிக்கும் நாவலாக இருந்தது. புத்தகம் மாறவில்லை, படித்தவர்தான் வேறு.

ஒரு நாவலைப் படி என்று நண்பரிடம் சொல்வது லேசான காரியம் இல்லை. அவருக்குப் பிடிக்காமல் போனால் சொன்னவரின் ருசிதான் கேள்விக்குள்ளாகும். அப்படியும் பாதிரியார் வீட்டிலும், பாத் நகரத்து அரங்குகளிலும், காது கேளாத மனிதரின் எதிரிலும் அந்தப் பேச்சு தொடர்ந்தது. வெட்கப்பட வேண்டிய பொருளாக இருந்த நாவல் மதிக்கத்தக்க கலையாக வளர்ந்ததில் விமர்சகர்களின் பங்கு இருக்கிறது, நூலகங்களின் பங்கும் இருக்கிறது. அதற்குக் குறையாத பங்கு, இருபது பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு "வேற என்ன இருக்கு?" என்று கேட்ட சாதாரண வாசகர்களுக்கும் உண்டு.